ஓட்டைப் படகும் வரவு செலவுக் கணக்கும்

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். பயப்படாதீங்க, பரீட்சைக்கு வராது.

ஆஸ்திரேலியாவில் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் கொட்டகையில் 12 அடி நீள மரப்படகு ஒன்றைத் தானே கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு கட்டுவது அவர் தொழில் இல்லை. வாரநாளில் வேறு வேலை, சனி ஞாயிறில் படகு. ஒரு பேச்சுக்கு மொத்தம் 400 மணி நேரம் ஆகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்டில் 2025 ஜூலையில் அமலுக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். பெருக்கினால் 9,980 டாலர். இது கூலி மட்டும்தான். பிளைவுட், எபாக்ஸி பசை, வெண்கல ஸ்க்ரூ, பாய்த்துணி, வார்னிஷ் எல்லாம் தனி. தப்பாக அறுத்து வீணாக்கிய பலகைகளின் கணக்கை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லமாட்டார்.

கட்டி முடித்து விற்கப் போனால்? வாங்க வருபவர் படகை இரண்டு தடவை சுற்றி வருவார். "அழகாத்தான் இருக்கு... ஆனா மரமாச்சே, வருஷா வருஷம் பராமரிக்கணுமே" என்று இழுப்பார். பொருள் வாங்கிய காசு திரும்பி வந்தாலே பெரிய விஷயம். கூலி அம்போ.

பி.காம். முதல் வருஷ மாணவரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தாலும் ஒரே பதில்தான் வரும்: இந்தத் திட்டம் வேண்டாம். அதே பணத்தில் ஒரு பழைய ஃபைபர்கிளாஸ் படகோ அலுமினியப் படகோ வாங்கி, அந்த 400 மணி நேரமும் மீன் பிடித்துக்கொண்டிருக்கலாமே!

ஆனாலும் கட்டுகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், எலெக்ட்ரீஷியன், டாக்டர், பஸ் டிரைவர் என்று எல்லா வகையினரும் கட்டுகிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்களாவது பரவாயில்லை. சேற்றில் அரைகுறையாகப் புதைந்து கிடக்கும் 80 வருஷப் பழைய படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி உயிர் கொடுக்கும் கூட்டமும் இருக்கிறது. இவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான கலம் விட்டுப்போயிருக்கிறது. அது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

மரம் சாகாத படகு

ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகையில் பெரும்பகுதி கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வாழ்கிறது. அதனால் படகு அங்கே ஆச்சரியமான பொருள் இல்லை. ஆனால் மரப்படகின் கதை வெள்ளைக்காரர் வந்த பிறகு தொடங்கியதும் இல்லை.

மர்ரே ஆற்றங்கரையில் ரிவர் ரெட் கம் எனும் யூகலிப்டஸ் மரங்கள் பிரமாண்டமாக நிற்கின்றன. அவற்றில் சில மரங்களின் தண்டில் ஆள் உயரத்துக்கு மேல் நீளமாக, இரண்டு முனையும் குவிந்த ஒரு பெரிய தழும்பு இருக்கும். பூர்வகுடி மக்கள் கல் கோடரியால் பட்டையை ஒரே துண்டாக உரித்து எடுத்து, நெருப்பில் வாட்டி, வளைத்துப் படகாக்கிய இடம் அது. பட்டை போன பிறகும் மரம் சாகவில்லை, தழும்போடு வளர்ந்துகொண்டே இருந்தது. படகு எப்போதோ மக்கிப்போய்விட்டது. அதைக் கொடுத்த மரம் இன்னும் நிற்கிறது. சிட்னிப் பகுதி மக்களின் மொழியில் பட்டைப் படகுக்கு "நவி" என்று பெயர். (நம்ம ஊர் "நாவாய்" ஞாபகம் வரலாம். ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல். அதை வைத்து ஆராய்ச்சி எதுவும் தொடங்கிவிட வேண்டாம்!)

கட்டியவர்களே களவாடிய கப்பல்

டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் மக்குவாரி துறைமுகம் என்று ஒரு பெரிய உள்கடல். அதற்குள் சாரா தீவு. 1822 முதல் 1833 வரை அது ஆங்கிலேயர்களின் தண்டனைத் தீவு. மற்ற சிறைகளில் தப்பு செய்த கைதிகளை அனுப்பும் இடம். அங்கே அவர்களை வைத்து மரம் வெட்டவும் கப்பல் கட்டவும் செய்தார்கள். கசையடிக்குப் பேர்போன அந்தத் தீவிலிருந்து வரிசையாகக் கப்பல்கள் இறங்கின.

தண்டனைத் தீவை மூடும் நேரத்தில் கடைசியாக ஒரு கப்பல் பாக்கி இருந்தது. பெயர் ஃபிரெடெரிக். அதை முடித்துக் கொண்டுவரச் சிலரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். கப்பல் முடிந்தது. 1834 ஜனவரியில் பத்து கைதிகள் அதையே கைப்பற்றி, பசிபிக் பெருங்கடலைக் கடந்து தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்கே போய்விட்டார்கள்! தன் கையால் கட்டிய கப்பலை நம்பிக் கடலில் இறங்குவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

சாரா தீவுக்குக் கைதிகளை அனுப்பியதற்கு ஒரு காரணம் அங்கே வளரும் ஹுவான் பைன் மரம். டாஸ்மேனியா தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் இது. மெத்தில் யூஜினால் என்ற எண்ணெய் அதில் நிறைய இருப்பதால் உளுக்காது, கப்பல் புழு அண்டாது. இழைப்புளி வைத்தால் வெண்ணெய் மாதிரி வரும் என்பார்கள். படகு கட்டுகிறவர்களுக்குச் சொர்க்கம்.

சிக்கல் என்னவென்றால், அந்த மரத்தின் தண்டு சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் பருக்கும். 60 சென்டிமீட்டர் தண்டு என்றால் ஏறக்குறைய 600 வருஷம். 2,000 வருஷத்தைத் தாண்டிய மரங்களும் உண்டு. சங்ககாலத்தில் முளைத்ததை ஒரு காலைப் பொழுதில் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். இன்று உயிருள்ள ஹுவான் பைனை வெட்ட அனுமதி இல்லை. பழைய வெட்டின்போது காட்டில் விட்டுப்போன கட்டைகள், ஆற்றில் அடித்து வந்தவை, நீர்மின் திட்டங்களுக்காக மூழ்கடித்த ஏரிகளிலிருந்து மீட்டவை, இவ்வளவுதான் கிடைக்கும். நூறு வருஷம் ஈரக் காட்டில் கிடந்த கட்டையை இன்று அறுத்தாலும் உள்ளே மஞ்சளாக, வாசனையோடு இருக்கும் என்பது அந்த மரத்தின் பெருமை.

ஏழைக்கும் ஒரு பாய்ப்படகு

இருபதாம் நூற்றாண்டில்தான் "தானே கட்டிக்கொள்" என்கிற பழக்கம் வேகம் பிடித்தது. 1931-இல், பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்தபோது, சிட்னியின் வாக்ளூஸ் பகுதிப் பையன்களுக்காக சார்லஸ் ஸ்பாரோ என்பவர் 11 அடி 6 அங்குலத்தில் ஒரு பாய்ப்படகை வடிவமைத்தார். வாக்ளூஸ் ஜூனியர், சுருக்கமாக வி.ஜே. கவிழ்ந்தாலும் மூழ்காத மாதிரி மேலே மூடிய உடல். வீட்டிலேயே மலிவாகக் கட்டலாம். ஆஸ்திரேலியாவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாய் பிடிக்கக் கற்றது இந்த மாதிரிப் படகுகளில்தான்.

அடுத்து பிளைவுட் வந்தது. 1963-இல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் மிரர் படகு வெளியானது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டி.வி.யில் வீட்டு வேலைகள் செய்து காட்டிப் புகழ்பெற்ற பாரி பக்னெல்லும் சேர்ந்து உருவாக்கியது. யோசனை ரொம்ப எளிமை. பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைக்கிற மாதிரித் தைத்து, மூட்டுகளில் ஃபைபர்கிளாஸ் பட்டையும் பிசினும் வைத்து ஒட்டிவிடுவது. தச்சு தெரியாதவரும் செய்யலாம். ஆரம்ப விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். உலகம் முழுக்க 70,000-க்கு மேல் கட்டப்பட்டது. சிவப்புப் பாயோடு ஆஸ்திரேலிய ஏரிகளிலும் விரிகுடாக்களிலும் நிறைந்தது. பக்கத்து நாடான நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹார்ட்லி வரைந்த 16 அடி ட்ரெய்லர் படகின் வரைபடத்தை வாங்கி, காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜில் படகு கட்டிய குடும்பங்களும் ஏராளம்.

இதே காலத்தில் பிளைவுட்டில் இரட்டை உடல் படகுகளும் பரவின. அவற்றை உலகம் "கட்டமரான்" என்று சொல்வது நம்ம கட்டுமரத்திலிருந்து போன சொல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நம்மவர்கள் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். சொல் ஆங்கிலத்துக்குப் போய் இரண்டு உடல் உள்ள படகாகிவிட்டது. லாக் குரோதர் போன்ற ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர்கள் அந்த வகையில் உலகப் பெயர் வாங்கினார்கள்.

பிறகு ஃபைபர்கிளாஸ். ஒரு அச்சு செய்துவிட்டால் அதிலிருந்து நூற்றுக்கணக்கான படகுகள். உற்பத்தி கூடக்கூட ஒரு படகின் அடக்கவிலை குறையும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு எதிரே ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக வளைக்கும் மரப்படகு எப்படி நிற்கும்? தொழில்முறைப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பெரியவர்களோடு வேலையும் போகத் தொடங்கியது. அந்த நேரத்தில் அந்த வித்தையை முழுசாகச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டவர்களில் பெரும்பங்கு, லாபம் பார்க்காத இந்தச் சனி ஞாயிறு ஆசாமிகளுடையது.

ஒரு படகு எப்படிச் சாகிறது?

பழைய படகைச் சீர் செய்வது பற்றிப் பேசும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: மரப்படகைக் கொல்வது கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். உப்பு, மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு ஆகாது. மேல்தளத்தின் விரிசல் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் காற்றோட்டம் இல்லாத மூலையில் தேங்கினால்தான் பூஞ்சை கொண்டாட்டம் போடும். வெளியே பளபள பெயின்ட், உள்ளே விரலால் குத்தினால் கேக் மாதிரி உதிரும் மரம்.

அடுத்த எதிரி ஆணி. இரும்பு ஆணி துருப்பிடித்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். அப்புறம் உடைந்த விலாக்கட்டைகள். புது விலாக்கட்டையை வளைக்க, நீளமான பெட்டிக்குள் கட்டையை வைத்து நீராவி விடுவார்கள். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது அவர்களின் கைக்கணக்கு. வெளியே எடுத்த பின் கையில் இருப்பது சில விநாடிகள்தான். அதற்குள் ஓடிப்போய் இடத்தில் வைத்து அழுத்திக் கட்டிவிடவேண்டும். தாமதித்தால் கட்டை விறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் படாரென்று முறியும். இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், காப்பி குடிக்க வந்தவர் என்று யார் கிடைத்தாலும் கையுறை மாட்டிவிடுவார்கள்.

இந்த உழைப்புக்கு நல்ல உதாரணம் விக்டோரியா மாநிலத்தின் கூட்டா படகுகள். பாரகூட்டா என்ற மீனைப் பிடிக்க க்வீன்ஸ்கிளிஃப், சொரண்டோ பகுதி மீனவர்கள் பயன்படுத்திய பாய்ப்படகுகள் இவை. விடிகாலையில் போட்டி போட்டுக்கொண்டு மீனைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியிருந்ததால் வேகத்துக்காகவே செதுக்கப்பட்டவை. எஞ்சின் வந்ததும் பாய்கள் மூட்டை கட்டப்பட்டன, படகுகள் கரையில் மக்கின. 1970-களின் கடைசியில் சில ஆர்வலர்கள் அவற்றைத் தேடி எடுத்துச் சீர் செய்யத் தொடங்கினார்கள். இன்று கோடைக்காலத்தில் சொரண்டோவில் அவை வரிசையாகப் பந்தயம் ஓடுகின்றன. "மீனவர் படகு பணக்காரர் பொம்மை ஆகிவிட்டது" என்று குறை சொல்லலாம். குறையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பொம்மையாகவாவது ஓடுவதால்தான் அதைக் கட்டத் தெரிந்தவர் இன்றும் அங்கே இருக்கிறார்.

பாராட்டு போதும், இனி சண்டை

இவர்களிடம் உள்ள தப்புகளைச் சொல்லாவிட்டால் இது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும்.

முதல் தப்பு: ஓசிப் படகு. "எடுத்துக்கொண்டு போனால் போதும், காசு வேண்டாம்" என்று யாராவது 35 அடிப் பழைய படகைக் கொடுப்பார்கள். ஆர்வக்கோளாறில் ஒருவர் வாங்கிவிடுவார். நிறுத்த இடத்துக்கு வாடகை, மேலே மூட தார்ப்பாய், மரம், ஆணி... ஐந்து வருஷத்தில் குடும்பத்தில் சண்டை, முதுகில் வலி, படகில் பாதிப் பலகை. அப்புறம் "இவ்வளவு போட்டாச்சே, இப்போ எப்படி விடுறது" என்ற எண்ணம். போட்ட பணம் போனதுதான், இனிப் போடப்போவதை வைத்து முடிவெடு என்று வகுப்பில் ஆயிரம் முறை சொல்லித்தருவது இதைத்தான். படகுக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவே ஏறாது. கடைசியில் அந்தப் படகின் முடிவு என்ன? மின்ரம்பம். சீர் செய்ய எடுத்ததாலேயே செத்த படகுகளும் உண்டு. புதியவர் தொடங்க வேண்டியது 35 அடியில் இல்லை, 12 அடியில். முடிக்கக்கூடியதை எடு, முடித்துவிட்டு அடுத்ததை எடு. இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதிக் கொட்டகைகளில் துக்கம் குறையும்.

இரண்டாவது தப்பு: ஆசாரம். "பிளைவுட்டும் எபாக்ஸியும் வைத்துக் கட்டுவது மரப்படகே இல்லை" என்று முகம் சுளிக்கும் ஒரு கோஷ்டி எங்கும் உண்டு. இது அபத்தம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் வாழ்ந்து 2024-இல் மறைந்த இயன் ஆட்ரெட், பழைய வைக்கிங் படகுகளின் சாயலில், மெல்லிய பிளைவுட் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டிக் கட்டும் படகுகளை வரைந்தார். அதன் அழகைப் பார்த்தவர் யாரும் அதை மரப்படகு இல்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள். மைக்கேல் ஸ்டோரரின் கோட் ஐலண்ட் ஸ்கிஃப் இன்னொரு உதாரணம். சில பிளைவுட் தாள்கள், நேர் கோடுகள், லேசான எடை, நல்ல வேகம். குவீன்ஸ்லாந்தின் ராஸ் லில்லிஸ்டோன் வரைந்த சிறு படகுகளும் முதல்முறை கட்டுகிறவரை மனதில் வைத்தவை. ஆள் வேண்டும் என்று புலம்பிக்கொண்டே, வருகிற ஆளைத் தீட்டு பார்த்து விரட்டினால் எப்படி?

(எபாக்ஸியில் உண்மையான பிரச்சினை ஒன்று உண்டு. அது உடம்புக்கு ஆகாதது. கையுறை இல்லாமல் தொட்டுத் தொட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால், ஆயுசுக்கும் பக்கத்தில் போக முடியாமல் போகலாம். அதன் தூளைத் தேய்க்கும்போது மூச்சுக்கவசம் கட்டாயம். ஆசாரக்காரர்கள் இதைப் பற்றிப் பேசினால் புண்ணியமாகப் போகும்.)

மூன்றாவது: ஹுவான் பைன் மோகம். மீட்கப்பட்ட கட்டை என்றாலும் அது தீரப்போகிற சரக்கு. புதிதாக வளர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் 600 வருஷம் ஆகும். வார இறுதியில் நாலு முறை ஏரியில் சுற்றப் போகும் புதுப் படகுக்கு முழுக்க முழுக்க அந்தப் பலகை வேண்டுமா? ஹுவான் பைனால் கட்டிய பழைய படகில் கெட்டுப்போன ஒரு பலகையை மாற்ற வேண்டியிருந்தால் நியாயம். மற்றபடி குவீன்ஸ்லாந்தில் தோட்டமாக வளர்க்கப்படும் ஹூப் பைனிலிருந்து செய்த பிளைவுட் இருக்கிறது. 2,000 வருஷ மரத்துக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அதைச் சிக்கனமாகத் தொடுவதுதான் மரியாதை.

ஒவ்வொரு பலகையும் மாறினால்?

பழைய படகைச் சீர் செய்கிறவர்களிடம் எப்போதும் ஒரு வம்பு உண்டு. பலகை எல்லாம் புதுசு, விலாக்கட்டை புதுசு, மேல்தளம் புதுசு. கீல், அதாவது அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் கட்டை, அதிலும் பாதி புதுசு. அப்புறம் இது அந்தப் பழைய படகா என்ன? கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அருங்காட்சியகக்காரர்களுக்கு இது தலைவலியான கேள்விதான். அவர்களுக்குப் பழைய மரமே சான்று. எந்த ஆணி எங்கே அடிக்கப்பட்டது என்பதுகூடத் தகவல். அதனால் அபூர்வமான சில படகுகளைத் தொடாமல் கூரைக்குள் வைப்பது சரி. எல்லாப் படகையும் அப்படி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எச்சூக்காவில் 1866-இல் கட்டிய துடுப்புச் சக்கர நீராவிப் படகு அடிலெய்ட் இன்னும் மர்ரே ஆற்றில் ஓடுகிறது என்றால், கெட்ட பலகையை மாற்ற ஆள் இருந்ததால்தான். மரத்தைக் காப்பாற்றுவது ஒன்று, மரத்தை மாற்றத் தெரிந்த கையைக் காப்பாற்றுவது இன்னொன்று. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை வந்தால் கையைத்தான் எடுக்கவேண்டும். கை இருந்தால் படகு மறுபடி வரும். படகு மட்டும் இருந்தால் கை வராது.

ஐந்தொகையில் ஏறாத சொத்து

இப்போது ஆரம்பக் கணக்குக்குத் திரும்பலாம். விட்டுப்போன கலம் இதுதான்.

கணக்குப் பதிவியலில் புலப்படாச் சொத்து என்று ஒரு சமாச்சாரம் உண்டு. நம் நாட்டின் கணக்கியல் நிலை 26-இன்படி ஒரு நிறுவனம் தானாக வளர்த்துக்கொண்ட நற்பெயரை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக்கூடாது. ஊழியர்களின் திறமையும் பொதுவாக அப்படித்தான். திறமை ஆளோடு இருக்கிறது, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. கணக்கெழுத இது சரியான விதி. இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கோடி என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் ஐந்தொகையில் இல்லாததால் அது உலகத்திலேயே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது.

அந்த 400 மணி நேரத்தில் உருவானது ஒரு படகு மட்டுமல்ல, படகு கட்டத் தெரிந்த ஒரு ஆளும்தான். படகுக்குத் தேய்மானம் உண்டு. ஆளின் கைக்கு, கட்டக் கட்ட மதிப்பு கூடும். அவர் இன்னொருவருக்குச் சொல்லித்தந்தால் சொத்து இரட்டிப்பு. எந்தச் செலவும் எழுதாமல் சொத்து இரட்டிக்கும் தொழில் வேறு எங்கே இருக்கிறது?

பிரச்சினை என்னவென்றால் சொல்லித்தருவது போதுமான அளவு நடக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் ஆஸ்திரேலிய மரப்படகுத் திருவிழா நடக்கிறது. 1994-இல் தொடங்கியது. 2021-இல் கொரோனாவால் நின்றுபோனாலும் 2023-இலும் 2025-இலும் மறுபடி நடந்தது. துறைமுகம் முழுக்கப் படகுகள், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இதுபோன்ற கூட்டங்களில் படகுகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் தலைகளைப் பார்த்தால், பெரும்பாலும் நரை. இது அவர்களே கவலையோடு சொல்வது.

இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி இடம். 1960-களில் மிரர் கட்டியவருக்கு வீடும் கராஜும் இருந்தன. இன்று சிட்னியிலோ மெல்போர்னிலோ இருபத்தைந்து வயதுக்காரர் அடுக்குமாடியில் ஒரு அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார். 12 அடிப் படகை எங்கே வைப்பார், கட்டில் மேலா? மரம் வாங்கக்கூடக் காசு சேர்க்கலாம், கொட்டகை வாங்க எங்கே போவது?

அதனால் இனி இந்த வித்தை பிழைக்க வேண்டுமென்றால் தனி ஆளின் கொட்டகையை நம்பிப் பயனில்லை. பொதுக் கொட்டகைதான் வழி. அதற்கான முன்மாதிரிகள் அங்கேயே இருக்கின்றன. 1990-களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய "ஆண்கள் கொட்டகை" இயக்கம் ஒன்று. வேலை ஓய்வுக்குப் பின் தனிமையில் வாடும் ஆண்கள் ஒரு இடத்தில் கூடி மரவேலை, ரிப்பேர் என்று எதையாவது செய்வது. நேருக்கு நேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசத் தயங்கும் ஆண்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது பேசிவிடுவார்கள் என்பது அதன் அடிப்படை. டாஸ்மேனியாவில் ஹுவான் ஆற்றங்கரையில் ஃபிராங்க்ளின் என்ற சின்ன ஊரில், மரப்படகு கட்டக் கற்றுத்தரும் மையமும், ஊர்க்காரர்கள் சேர்ந்து படகுகளைப் பழுது பார்க்கும் லிவிங் போட் டிரஸ்ட் என்ற அமைப்பும் இருக்கின்றன. பெயரிலேயே "உயிருள்ள படகு"! அங்கே சேருகிறவர் படகுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. கை இருந்தால் போதும்.

ஒவ்வொரு கடலோர ஊரிலும் இப்படி ஒரு கொட்டகை, அதில் எழுபது வயதுக்காரரும் பதினேழு வயதுப் பிள்ளையும் ஒரே பலகையின் இரண்டு முனையைப் பிடித்திருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் என்ற எல்லையும் போகவேண்டும். ஆளே கிடைக்காத வித்தைக்குப் பாதி மக்களை வாசலில் நிறுத்துவது கட்டுப்படியாகாது. திருவிழாவுக்குச் செலவழிக்கும் ஊராட்சிகள் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். ஒருவர் இறந்த பின் அவர் கொட்டகையைக் காலி செய்து, பாதிப் படகைக் குப்பைக்கு அனுப்பும் செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குப்பையோடு சேர்ந்து போவது பாதிப் படகு மட்டும் இல்லையே. எந்த மரம் எந்தப் பக்கம் வளையும் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்ததும் போகிறது.

கடைசியாக ஒரு விஷயம். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இடுக்கில் பஞ்சுநூல் திணித்துக் கட்டிய பழைய வகைப் படகை ரொம்ப நாள் கரையில் வைத்திருந்தால் மரம் காய்ந்து சுருங்கி, இடுக்குகள் திறந்துகொள்ளும். எவ்வளவு அருமையாகச் சீர் செய்திருந்தாலும் தண்ணீரில் இறக்கும் அன்று உள்ளே தண்ணீர் வரும். புதியவர்கள் பதறிப்போவார்கள். பழையவர்கள் ஒரு பம்பை வைத்து இறைத்துக்கொண்டே பேசாமல் காத்திருப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கும் மேல். மரம் தண்ணீரைக் குடித்து ஊதி, இடுக்குகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

அந்தப் படகைக் காப்பாற்ற ஒரே வழி அதைத் தண்ணீரில் வைத்திருப்பதுதான். அதைக் கட்டும் வித்தைக்கும் அதே வைத்தியம்தான். இதில் என்ன லாபம் என்று அடுத்த முறை யாராவது கேட்டால், அந்தக் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை என்று சொல்லலாம்.